பங்கிடுதலே விருந்து: சில பழங்கிரேக்கச் சொற்களின் பிறப்பு

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிசி என்னும் காப்பியங்களை மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு எல்லா இடங்களிலும் 'விருந்து' என்ற ஒரே சொல்தான் தென்படுகிறது. கிரேக்க மூலத்திலும் அப்படித்தானா, வேறு சொற்கள் உண்டென்றால் அவை எங்கிருந்து பிறந்தன என்பது கேள்வி. மூலத்தில் சொற்கள் பல. ஹோமருக்குப் பின்வந்த ஏதென்ஸ் நகரத்து வழக்கையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். அவற்றின் வேர்களைத் தேடிப் போகும்போது முதலில் வியப்பளிப்பது, 'உண்' என்னும் வினை அவற்றில் ஏறக்குறைய எங்குமே இல்லை என்பதுதான். பங்கிடுதல், குடித்தல், தழைத்தல், அடுப்படியில் அமர்த்துதல் என்று ஒவ்வொரு சொல்லும் வேறொரு செயலைப் பற்றிக்கொண்டு விருந்துக்குப் பெயராகியிருக்கிறது. சில சொற்களுக்கோ வேரே பிடிபடவில்லை.

ஒடிசியின் முதற்காண்டத்தில் வரும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கும். தாஃபோஸ் நாட்டுத் தலைவன் மென்டெஸின் உருவில் இத்தாக்காவுக்கு வந்த அத்தீனா தேவி, நாடு திரும்பாத ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியை மணக்க வந்தவர்கள் அவன் வீட்டில் தின்று குடித்துக் கூத்தடிப்பதைப் பார்த்துவிட்டு, அவன் மகன் தெலிமாக்கஸிடம் கேட்கிறாள்: இது என்ன 'தைஸ்', இது என்ன கூட்டம்? 'எய்லாப்பினே'யா, 'கமோஸ்' எனும் மணவிருந்தா? 'எரனோஸ்' இல்லை என்பது மட்டும் தெரிகிறது. இரண்டே அடிகளில் நான்கு சொற்கள் வந்துவிட்டன. தைஸ் என்பது பொதுப்பெயர், மற்றவை அதன் வகைகள். நான்கையும் 'விருந்து' என்று பெயர்த்துவிட்டால், கடைசிச் சொல்லில் தேவி வைத்திருக்கும் குத்தல் காணாமற்போய்விடும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

தைஸ் என்பதைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதினாலும், அதன் முதலொலி 'தயவு' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் மெலிந்த தகரமே. இந்த எடுத்துக்காட்டை வேண்டுமென்றே தருகிறேன். தைஸ் பிறந்தது 'பங்கிடு, பகிர்ந்து கொடு' என்று பொருள்படும் 'தயொமாய்' என்ற வினையிலிருந்து. கிரேக்கத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத்தாயான இந்தோ-ஐரோப்பிய மொழியின் அதே வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் 'தயதே' என்ற வினை வந்தது. பங்கிட்டுக் கொடுப்பது என்ற பொருளோடு, பிறர் துயரில் பங்குகொள்வது, இரங்குவது என்ற பொருளும் அதற்கு உண்டு. அதிலிருந்து வந்த 'தயா' என்ற சொல்லைத்தான் நாம் தயை என்றும் தயவு என்றும் வழங்குகிறோம். ஆக, இலியட்டின் நாயகன் அக்கிலிஸின் கூடாரத்து இறைச்சி விருந்தும் நாம் அன்றாடம் கேட்கும் 'தயவுசெய்து' என்ற வேண்டுகோளும் தொலைவில் உறவுக்காரர்கள். இத்தகைய உறவுகளைச் சொல்லும்போது நான் பொதுவாகத் தயங்குவேன், ஒலியொற்றுமையை வைத்துச் சொற்களுக்கு உறவு கட்டும் நோய் எங்கும் பரவிக் கிடப்பதால். ஆனால் இந்த உறவு ஒலிமாற்ற விதிகளின்படி நிறுவப்பட்டது.

ஹோமர் காட்டும் விருந்தில் பங்கிடுதல் வெறும் உவமையாக இல்லை, விருந்தின் நடுச்செயலே அதுதான். கால்நடையை வெட்டித் தெய்வத்துக்கு உரியதை எரித்தபின், எஞ்சிய இறைச்சியைத் துண்டுபோட்டு, சூலத்தில் கோத்துச் சுட்டு, வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் பங்கு வைக்கிறார்கள். பங்கு போடுபவனுக்குத் 'தைத்ரோஸ்' என்று பெயர், பந்தியில் இருப்பவன் 'தைத்யுமோன்', விருந்து வைப்பது 'தைன்யுமி'. எல்லாம் ஒரே வேரின் கிளைகள். விருந்து முடியும் இடத்தில் 'சமமான தைஸில் யாருக்கும் மனக்குறை இருக்கவில்லை' என்ற அடி காப்பியத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 'எய்ஸே' என்ற அந்த அடைமொழிக்குச் சமம் என்றுதான் நேர்ப்பொருள். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. இலியட்டில், டிராய் வீரன் ஹெக்டருடன் தனித்துப் போரிட்டுத் திரும்பிய கிரேக்க வீரன் அயாஸுக்குப் படைத்தலைவன் அகமெம்னோன் முதுகுத்தண்டின் நீண்ட துண்டை முழுவதுமாக எடுத்து வைக்கிறான். ஒடிசியின் 14ஆம் காண்டத்தில் பன்றி மேய்க்கும் யூமயோஸ் தான் வெட்டிய பன்றியை ஏழு பங்காகப் பிரித்து, ஒன்றை நீரணங்குகளுக்கும் ஹெர்மெஸுக்கும் ஒதுக்கி, மற்றவற்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபின், அடையாளம் மறைத்து வந்திருக்கும் ஒடிசியஸுக்கு மட்டும் முதுகிறைச்சியைத் தந்து சிறப்புச் செய்கிறான். சமம் என்பது இங்கே அவரவர்க்கு உரியது குறையாமல் கிடைப்பது. பங்கு தவறினால் மனத்தாங்கல் வரும், மனத்தாங்கல் முற்றினால் சண்டை வரும். இலியட்டின் கதையை நடத்தும் அக்கிலிஸ்-அகமெம்னோன் சண்டையே ஒருவன் பங்கை இன்னொருவன் பிடுங்கிக்கொண்டதால் மூண்டது என்பதை நினைத்துக்கொண்டால், இந்தச் சொல்லின் கனம் விளங்கும்.

யூமயோஸ் பன்றியைப் பிரிக்கும் அந்த அடியில் 'மொய்ரா' என்ற சொல்லின் வினையும் வருகிறது. மொய்ரா என்றால் இறைச்சிப் பங்கு. விதிக்கும் அதே பெயர்தான். 'தைமோன்' என்ற தெய்வப் பெயரையும் தைஸின் வேரோடு சேர்த்து, 'பங்கு அளிப்பவன்' என்று விளக்குபவர்கள் பலர். தமிழ் வாசகருக்குத் தொல்காப்பியத்தின் 'பால்வரை தெய்வம்' நினைவுக்கு வரலாம். பால் என்பதும் பங்கு, ஊழ் என்ற இரு பொருளும் தரும் சொல்தானே. இங்கே சொல்லுறவு எதுவும் கிடையாது, ஒரே எண்ணம் இரண்டு மொழிகளில் தனித்தனியாக முளைத்திருக்கிறது, அவ்வளவே. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் கதையில், மெக்கோனே என்ற இடத்தில் தேவர்களுக்கும் மனிதருக்கும் வழக்குத் தீர்ந்தபோது, புரோமிதியஸ் ஒரு பெரிய காளையைப் பங்கிட்டுத் தேவர்களின் அரசன் சியூஸை ஏமாற்றப் பார்க்கிறான். அங்கே அவன் 'பங்கிட்டான்' என்பதற்கு வரும் வினையும் இதே வேரைச் சேர்ந்தது. மனிதனுக்கும் தெய்வத்துக்கும் உள்ள எல்லையையே கிரேக்கர்கள் ஓர் இறைச்சிப் பங்கீட்டில் வைத்துச் சொன்னார்கள்.

இதே வேரிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் ஏற்கும் இன்னொரு சொல் 'தேமோஸ்', அதாவது மக்கள். முதலில் அது நிலத்தின் ஒரு பகுதியைக் குறித்தது, பிறகு அப்பகுதியில் வாழ்ந்தவர்களைக் குறித்தது. மக்களாட்சியைக் குறிக்கும் 'தெமோக்ரசி' என்ற உலகச்சொல் இதன்மேல் எழுந்ததுதான். கிரேக்கத்தின் பைலோஸ் என்ற ஊரின் பழைய அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில் இதன் பழைய வடிவமான 'தாமோ' காணப்படுகிறது. நேர்கோட்டு எழுத்து 'பி' எனப்படும் அந்த எழுத்தில் உள்ளது கிரேக்க மொழியே என்று மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் கண்டறிந்த பிறகு, ஹோமருக்கு நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட விருந்துக் கணக்குகளை நாம் படிக்க முடிந்தது. அவற்றுள் ஒன்று பொசைடோன் தேவனுக்கான படையலுக்கு யார் யார் என்ன கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது; கொடுப்பவர்களுள் 'தாமோ'வும் ஒன்று, அதன் பேரில் தானியம், திராட்சைமது, செம்மறிக்கடா, பாலாடைக்கட்டி ஆகியவை எழுதப்பட்டுள்ளன. மக்கள் என்ற சொல்லும் விருந்து என்ற சொல்லும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது அந்த எழுத்தருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளும் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

தைஸ் மனிதருக்கு மட்டுமே உரிய சொல்லா என்பதில் பழங்காலத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. இலியட்டின் தொடக்கத்தில், வீரர்களின் உடல்கள் நாய்களுக்கு இரையாகவும் 'எல்லாப் பறவைகளுக்கும்' இரையாகவும் ஆயின என்ற பாடம் பரவலாக உள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் பணியாற்றிய அறிஞர் செனோதோதஸ், அவ்விடத்தில் 'பறவைகளுக்குத் தைஸாக' என்று பாடம் கொண்டார். கி.பி. 200 வாக்கில் எழுதிய கிரேக்க நூலாசிரியர் அத்தினாயோஸ் இதைக் கண்டிக்கிறார்: பங்கிட்டு உண்பவன் மனிதன் ஒருவனே, ஆகவே விலங்குக்கு ஹோமர் இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பது அவர் வாதம். வாதம் அழகாக இருந்தாலும் சான்று எதிராக இருக்கிறது. இலியட்டின் 24ஆம் காண்டத்தில் அப்பல்லோ, இரக்கமற்ற அக்கிலிஸை மனிதரின் மந்தையில் பாய்ந்து 'தைஸ்' பெறும் சிங்கத்துக்கு ஒப்பிடுகிறான். ஆனால் பங்கு வைக்கத் தெரியாத சிங்கத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்திருப்பதே, அக்கிலிஸ் மனித வரம்பைக் கடந்துவிட்டான் என்று குத்திக்காட்டத்தான் என நான் படிக்கிறேன்.

எய்லாப்பினே என்பது பெரிய, ஆடம்பரமான விருந்து. இதற்கு ஏற்கத்தக்க வேர் எதுவும் காட்டப்படவில்லை. கிரேக்கர் வருவதற்கு முன் அந்நிலத்தில் வழங்கிய மொழியிலிருந்து எடுக்கப்பட்ட சொல்லாக இருக்கலாம் என்று அகராதிகள் குறிக்கின்றன. வேர் தெரியாத சொல்லுக்கெல்லாம் இந்த முத்திரையைக் குத்துவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

எரனோஸ் என்பது ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கொண்டுவந்து சேர்ந்து உண்ணும் விருந்து. தைஸில் பங்கு வெளியே போகிறது, எரனோஸில் உள்ளே வருகிறது. அத்தீனாவின் குத்தல் இப்போது புரியும்: தங்கள் கைப்பொருளைப் போட்டுச் சாப்பிடுபவர்கள் இப்படி அள்ளி இறைக்க மாட்டார்கள். சிறிது நேரத்தில் தெலிமாக்கஸும் அதையே வெளிப்படையாகச் சொல்கிறான்: போங்கள், வீட்டுக்கு வீடு மாறி மாறி, உங்கள் சொந்தச் சொத்தைத் தின்று விருந்தாடுங்கள். இச்சொல்லைத் திருவிழா என்று பொருள்படும் 'ஹெயொர்தே'யோடு சேர்ப்பவர்கள் உண்டு. வேர் எதுவானாலும், இதன் பிற்கால வாழ்க்கைதான் சுவையானது. ஏதென்ஸில் நண்பர்கள் கூடித் தொகை சேர்த்து, நெருக்கடியில் இருப்பவனுக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் கடன் எரனோஸ் எனப்பட்டது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போரின் முதலாண்டில் மாண்டவர்களுக்கு ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் ஆற்றிய உரையில், அவர்கள் தங்கள் வீரத்தை நகரத்துக்கு 'மிக அழகிய எரனோஸாக' அளித்தார்கள் என்று கூறியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். சோற்றுப் பங்கு கடனாகி, கடன் உயிர்க்கொடையாக உயர்ந்த இடம் அது. இன்றைய கிரேக்கத்தில் எரனோஸ் என்றால் நன்கொடை திரட்டுதல்.

அன்றாட வேளைகளின் பெயர்களுக்கு வருவோம். காலை உணவு 'ஆரிஸ்தோன்', மாலை உணவு 'தோர்ப்போன்', முதன்மையான உணவு 'தெய்ப்னோன்'. தெய்ப்னோன் ஹோமரிடம் பெரும்பாலும் பகலில் வருகிறது, ஏதென்ஸில் இரவுக்கு நகர்ந்துவிடுகிறது. ஆரிஸ்தோன் ஒன்றுதான் நான் முதலில் சொன்ன விதிக்கு விலக்கு: 'விடியலில்' என்று பொருள்படும் சொல்லோடு 'உண்' என்னும் பழைய வேர் சேர்ந்து உருவானது அது. அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் 'அத்' என்று ஆகி, அன்னம் என்ற சொல்லைத் தந்தது. 'மிகச் சிறந்தது' என்று பொருள்படும் 'அரிஸ்தோன்' வேறு சொல், அதில் முதலுயிர் குறில். தெய்ப்னோனுக்கு வேர் தெரியவில்லை. பழைய உரைகாரர்கள் சும்மா இருக்கவில்லை. 'உண்டபின் உழைக்க வேண்டும்' என்ற பொருளில் 'தெய் பொனெய்ன்' என்று அதைப் பிரித்துக் காட்டினார்கள். இரவில் உண்ணத் தொடங்கிய பிறகு அந்த விளக்கம் தூங்கிப்போயிருக்க வேண்டும்.

இத்தகைய சொற்பிரிப்பில் கிரேக்கருக்குத் தீராத ஆசை. 'தொய்னே' என்ற விருந்துச் சொல்லை, தெய்வங்களுக்காகத் திராட்சைமது அருந்துவது என்று விரித்துச் செலியூகஸ் என்ற இலக்கண அறிஞர் விளக்கியதாகவும், 'மெதுயெய்ன்' எனும் போதைகொள்ளுதலைப் 'பலிக்குப் பின்' என்று பிரித்து அரிஸ்டாட்டில் விளக்கியதாகவும் அத்தினாயோஸ் பதிவுசெய்கிறார். மொழியியல்படி இரண்டும் தவறு. பலியும் குடியும் விருந்தும் ஒரே நிகழ்ச்சியின் கட்டங்கள் என்று அவர்கள் உணர்ந்திருந்ததற்கு மட்டும் அவை நல்ல சான்று. 'மெது' என்பதன் உண்மையான வரலாறு நமக்கு நெருக்கமானது. தேனையும் தேனிலிருந்து புளிக்கவைத்த குடியையும் குறித்த பழஞ்சொல் அது. சமஸ்கிருத 'மது' அதன் உடன்பிறப்பு, நம் மது அங்கிருந்து வந்தது. தேனுக்குக் கிரேக்கர் 'மெலி' என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டதால், மெது திராட்சைமதுவுக்குப் பெயர்ந்துவிட்டது.

'தாலியா' என்ற விருந்துப் பெயருக்கு வேர் தெளிவானது: தழைத்தல், பூத்தல் என்று பொருள்படும் 'தல்லோ'. செழிப்பான விருந்தை ஹோமர் 'தைஸ் தாலெய்யா', அதாவது தழைத்த பங்கீடு என்கிறார். இறந்தபின் மாவீரன் ஹெராக்ளீஸ் சாவாத தேவர்களோடு களித்திருப்பதும் தாலியாவில்தான். நகைச்சுவை நாடகத்துக்கு உரிய கலைத்தேவியின் பெயரும் இதே வேர்.

உலகம் முழுவதும் அறிந்த சொல் 'சிம்பொசியோன்'. 'சேர்ந்து' என்ற முன்னொட்டும் 'குடி' என்ற வேரும் சேர்ந்தது. சமஸ்கிருத 'பா' என்ற வேரும் அதிலிருந்து வந்த பானமும் இதன் உறவு. ஹோமரிடம் இச்சொல் இல்லை. கி.மு. 600 வாக்கில் லெஸ்போஸ் தீவில் பாடிய அல்கையோஸின் பாடலில் காணப்படுகிறது. ஹோமரின் வீரர்கள் நாற்காலியில் அமர்ந்து உண்டார்கள், குடியும் உணவும் அங்கே தனித்தனியாக இல்லை. பிற்காலப் பிரபுக்களோ மஞ்சத்தில் இடக்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார்கள். உணவு முடிந்து, மேசைகளை அகற்றி, கைகழுவி, நல்ல தைமோனுக்குக் கலப்பில்லாத மது வார்த்த பின்னரே, நீர் கலந்த மதுவோடு சிம்பொசியோன் தொடங்கும். ஆகவே பிளேட்டோவின் உரையாடல் தலைப்பை 'விருந்து' என்று பெயர்ப்பது முழுப் பொருத்தமில்லை. அங்கே விருந்து முடிந்துவிட்டது, முந்தைய நாள் குடித்த தலைவலியோடு இன்று எவ்வளவு குடிப்பது என்பதுதான் பேச்சு. கி.மு. 44இல் முதுமை குறித்து எழுதிய ரோமானியர் சிசரோ, மூத்த கேட்டோவின் வாய்மொழியாக ஓர் ஒப்பீடு செய்கிறார்: நம் முன்னோர் நண்பர்களின் விருந்துக்குக் 'கூடி வாழ்தல்' என்று பொருள்படும் 'கொன்விவியும்' என்று பெயரிட்டார்கள், அதையே 'கூடிக் குடித்தல்' என்றும் 'கூடி உண்ணல்' என்றும் அழைக்கும் கிரேக்கரைவிட நம்மவர் சிறந்தார்கள். ரோமருக்குப் பெருமைதான். ஆனால் தைஸ் என்ற சொல்லைச் சிசரோ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏதென்ஸில் ஊர்விருந்துக்கு 'ஹெஸ்தியாசிஸ்' என்று பெயர். 'ஹெஸ்தியா' என்றால் வீட்டு அடுப்பு, அதன் தேவதையும் அவளே. அவளுக்கு முதலிலும் கடைசியிலும் மது வார்க்காமல் மனிதருக்கு விருந்தில்லை என்கிறது ஒரு பழைய துதிப்பாடல். ஒருவனை உன் அடுப்படிக்கு ஏற்றுக்கொள்வதே அவனுக்கு விருந்து வைப்பது. நகரமோ அதை ஒரு கடமையாக்கி, விழாநாளில் தன் குலப்பிரிவினர் அனைவருக்கும் உணவளிக்கும் பொறுப்பைச் செல்வர் ஒருவர் தலையில் வைத்தது. இன்று ஏதென்ஸ் தெருக்களில் உணவகங்களின் பலகையில் காணும் 'எஸ்தியதோரியோ' என்ற சொல் அதன் வழிவந்தது. 'எவொக்கியா' என்ற இன்னொரு சொல், 'நன்றாக நடத்துதல்' என்ற பொருளில் பிறந்தது. அதன் தொடக்கத்தில் உள்ள 'நன்று' எதற்கு என்று சாக்ரடீஸ் விளக்கியதை அவர் மாணவர் செனொஃபோன் எழுதுகிறார்: உடலுக்கும் உள்ளத்துக்கும் துன்பம் தராத, கிடைப்பதற்கு அரிதல்லாத உணவை உண்பதைச் சுட்டவாம். வயிறு முட்டத் தின்பதற்கு வழங்கிய சொல்லை எளிய உணவின் பக்கம் இழுத்துவிடுவது சாக்ரடீஸுக்கே உரிய குறும்பு.

குடித்தபின் குழலோடும் பாட்டோடும் தெருவில் இறங்கும் கூட்டத்துக்குக் 'கோமோஸ்' என்று பெயர்; நகைச்சுவை நாடகத்தைக் குறிக்கும் 'கோமோதியா' அதன் பாட்டு. சிற்றூர் என்று பொருள்படும் 'கோமே'யிலிருந்து அது வந்ததாகக் கிரேக்கரில் ஒரு பிரிவினரான டோரியர் உரிமை கொண்டாடியதை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். இன்று அதை ஏற்பவர் இல்லை.

கடைசியாக ஒரு சொல். தானியத்துக்கும் உணவுக்கும் 'சீத்தோஸ்' என்று பெயர். அதன் அருகில் அமர்ந்து உண்பவன் 'பராசீத்தோஸ்'. ஒரு காலத்தில் இது மதிப்புக்குரிய, புனிதமான பட்டமாக இருந்தது என்று அத்தினாயோஸ் வற்புறுத்துகிறார். ஏதென்ஸின் கினோசார்கெஸ் பகுதியிலிருந்த ஹெராக்ளீஸ் கோயிலில், மாதந்தோறும் பூசகரோடு சேர்ந்து பலியுணவில் பங்குகொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பெயர் வழங்கியதைக் கல்வெட்டோடு எடுத்துக்காட்டுகிறார். பின்னர் நாடக மேடையில், செல்வர் வீட்டுப் பந்தியில் முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவன் இப்பெயரைப் பெற்றான். அங்கிருந்து உயிரியல் அதை எடுத்துக்கொண்டது. தமிழில் அதற்கு வைத்த பெயர் ஒட்டுண்ணி. கிரேக்கர் தங்கள் விருந்துச் சொற்களில் சேர்க்காமல் விட்ட 'உண்' என்ற வினை, அந்தத் தமிழ்ப்பெயரில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.